பாரஸ்டல் கப்பல் தீ விபத்து

பாரஸ்டல் கப்பல் தீ விபத்து என்பது வியட்நாம் போரின்போது, 1967 ஜூலை 29 அன்று, டோங்கின் வளைகுடாவில் இருந்த ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் வானூர்தி தாங்கிக் கப்பலான பாரஸ்டலின் பறப்புத் தளத்தில் ஏற்பட்ட தீயையும் தொடர் குண்டுவெடிப்புகளையும் குறிக்கும். இதில் 134 பேர் உயிரிழந்தனர். 161 பேர் காயமடைந்தனர். 21 வானூர்திகள் அழிந்தன. எதிரியின் தாக்குதல் எதுவும் இதற்குக் காரணமன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்க வானூர்தி தாங்கிக் கப்பல் ஒன்றில் நிகழ்ந்த மிகக் கொடிய தீ விபத்து இதுவாகும்.

பறப்புத் தளப் பணி

பறப்புத் தளம் என்பது வானூர்திகள் புறப்படுவதற்கும் இறங்குவதற்கும் பயன்படும் கப்பலின் மேல்தளமாகும். எரிபொருள் நிரப்பிய வானூர்திகளும், குண்டுகளும், ராக்கெட்டுகளும் இங்கு மிக நெருக்கமாக வைக்கப்பட்டிருக்கும். தாரை இயந்திரங்களின் இரைச்சலில் பேச்சுக் கேளாது என்பதால் பணியாளர்கள் கைச்சைகைகளைப் பயன்படுத்துவர். அவரவர் பணியை அடையாளம் காண வெவ்வேறு நிறச் சட்டைகளை அணிவர். வானூர்திகளை வழிநடத்துவோர் மஞ்சள் நிறமும், ஆயுதங்களைக் கையாள்வோர் சிவப்பு நிறமும் அணிவது வழக்கம். இயந்திரத்தின் காற்று உறிஞ்சும் வாயும், பின்புறம் வெளியேறும் வெப்பக் காற்றும் போர் இல்லாத நாளிலும் உயிராபத்து விளைவிக்கக் கூடியவை.

காரணங்கள்

பாரஸ்டல் போர்ப்பணியைத் தொடங்கிய ஐந்தாம் நாளில் விபத்து நிகழ்ந்தது. இரண்டு குறைபாடுகள் இதில் ஒன்று சேர்ந்தன.

முதலாவது, ராக்கெட்டுகளின் பாதுகாப்பு முறை தளர்த்தப்பட்டிருந்தமை. வானூர்தி, அதனை வானில் செலுத்தும் கவண் பொறியை அடைந்த பின்னரே ராக்கெட்டின் மின்னிணைப்பைப் பொருத்த வேண்டும் என்பது விதி. புறப்பாட்டை விரைவுபடுத்துவதற்காக அவ்விணைப்பு முன்கூட்டியே பொருத்தப்பட்டு வந்தது.

இரண்டாவது, பழைய குண்டுகள். புதிய வகைக் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு நிலவியதால், முந்தைய நாள் ஆயுதக் கப்பல் ஒன்றிலிருந்து 1,000 இறாத்தல் எடையுள்ள பழைய குண்டுகள் ஏற்றப்பட்டன. துருப்பிடித்திருந்த அவை, புதியவற்றைக் காட்டிலும் மிகக் குறைந்த நேரமே வெப்பத்தைத் தாங்கக் கூடியவை. ஆயுதப் பணியாளர்கள் அவற்றை ஏற்கத் தயங்கினர். ஆயினும் மறுநாள் தாக்குதலுக்கு வேறு குண்டுகள் இல்லாமையால் அவை ஏற்றுக்கொள்ளப்பட்டன.

நிகழ்வுகள்

காலை 10:51 அளவில், ஒரு பாண்டம் வானூர்தியின் மின்னோட்டம் வெளி மூலத்திலிருந்து உள் மூலத்திற்கு மாற்றப்பட்டபோது ஏற்பட்ட மின்னெழுச்சியால் சூனி வகை ராக்கெட் ஒன்று தானாகப் பாய்ந்தது. அது தளத்தைக் கடந்து, எதிரே நின்ற ஸ்கைஹாக் வானூர்தியின் எரிபொருள் கலனைத் துளைத்தது. வழிந்தோடிய எரிபொருள் தீப்பற்றியது. பழைய குண்டு ஒன்று அத்தீயின் நடுவே விழுந்தது.

தீயணைப்புக் குழுவின் தலைவர் ஜெரால்டு பாரியர், பாதுகாப்பு உடை அணியவும் காத்திராமல், கையில் ஒரு தீயணைப்பானுடன் அக்குண்டை நோக்கி ஓடினார். வானோடிகள் தப்பிச் செல்லும் வரையிலாவது அதனைக் குளிரச் செய்வது அவர் நோக்கம். குண்டு வெடிக்கச் சில நிமிடங்கள் ஆகும் என்பதே அவர் குழு பெற்றிருந்த பயிற்சி. ஆனால் தீப்பற்றி ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்திலேயே குண்டு வெடித்தது. பாரியரும் பயிற்சி பெற்ற தீயணைப்பாளர்களுள் பெரும்பாலோரும் அக்கணமே உயிரிழந்தனர்.

தொடர்ந்து மேலும் பல குண்டுகள் வெடித்துத் தளத்தில் பெருந்துளைகளை உண்டாக்கின. எரியும் எரிபொருள் அவற்றின் வழியே கீழ்த்தளங்களில் இறங்கியதால், இரவுப்பணி முடித்து உறங்கிக்கொண்டிருந்த பலர் மாண்டனர்.

அதன்பின் தீயை எதிர்கொண்டவர்களுள் பெரும்பாலோர் அப்பணியில் பயிற்சி அற்றவர்கள். அவர்கள் சூடேறிய குண்டுகளையும் ராக்கெட்டுகளையும் கைகளால் உருட்டிக் கடலில் தள்ளினர். ஆனால் ஒரு குழுவினர் பரப்பிய தீயணைப்பு நுரையை, மற்றொரு குழுவினர் பாய்ச்சிய நீர் அடித்துச் சென்றது. அந்நீர் எரிபொருளையும் துளைகள் வழியே கீழே கொண்டு சென்று தீயைப் பரப்பியது. ரூபர்டஸ் என்னும் நாசகாரிக் கப்பல், வெடிப்பு அபாயத்தைப் பொருட்படுத்தாது மிக அருகில் வந்து தன் குழாய்களால் நீர் பாய்ச்சியது. பறப்புத் தளத்தின் தீ ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கட்டுப்படுத்தப்பட்டது; கீழ்த்தளங்களின் தீ மறுநாள் அதிகாலையிலேயே அணைந்தது.

உயிர் தப்பிய வானோடிகளுள் ஒருவர், பின்னாளில் 2008 குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட ஜான் மெக்கெய்ன் ஆவார்.

விளைவுகள்

தளத்தில் இருந்த ஒளிப்படக் கருவிகளில் விபத்தின் பெரும்பகுதி பதிவாகியிருந்தது. இப்பதிவு பின்னர் கடற்படைப் பயிற்சிகளில் பயன்படுத்தப்பட்டது. தீயணைப்பு ஒரு சிறு குழுவின் பணியாக மட்டும் இருந்தால், அக்குழு அழியும்போது கப்பலும் அழியக் கூடும் என்பதை இவ்விபத்து உணர்த்தியது. ஆகவே கப்பலில் பணிபுரியும் அனைவருக்கும் தீயணைப்புப் பயிற்சி வலியுறுத்தப்பட்டது. தளம் முழுவதும் நீரும் நுரையும் பாய்ச்சும் அமைப்புகள் கொண்டுவரப்பட்டன. குண்டுகள் வெப்பத்தை நீண்ட நேரம் தாங்குமாறு மேம்படுத்தப்பட்டன. நார்போக்கில் உள்ள கடற்படைத் தீயணைப்புப் பள்ளிக்குப் பாரியரின் பெயர் சூட்டப்பட்டது.

எனினும் 1969 ஜனவரியில் எண்டர்பிரைஸ் கப்பலிலும் வெப்பத்தால் சூனி ராக்கெட் ஒன்று வெடித்துப் பெருந்தீ உண்டாயிற்று.

பாரஸ்டல் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பணியாற்றியது. 1993 இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட இக்கப்பல், பின்னர் டெக்சஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் நகரில் உடைக்கப்பட்டது.