மதகும் வால்வும்

காரைக்கால் உழவருக்குக் 'கடைமடை' என்ற சொல்லுக்குப் பொருள் கூற வேண்டியதில்லை. அரசலாறு, நாட்டாறு, நூலாறு, திருமலைராஜனாறு ஆகிய காவிரிக் கிளைகள் கடலைச் சேருமுன் கடைசியாகப் பாசனம் தரும் நிலம் அது. மேலே மதகை அளவு மீறித் திறந்தால் வெள்ளம். அளவு குறைத்தால் பயிர் வாடும். தண்ணீர் போகும் வழி எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும்? வெந்நீர்க் குழாய்க்கு வால்வு தேர்ந்தெடுக்கும் பொறியாளர் கேட்பதும் இதே கேள்விதான்.

இதற்குக் காவிரியே ஒரு பாடம் கற்பித்தது. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் தாழ்ந்த படுகை உடையது. எனவே நீரின் பெரும்பகுதியை அதுவே இழுத்துக் கொண்டது. காவிரி மணல் மேடிட்டது. ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். காவிரியில் நீர் பெருகியது. ஆனால் தேவைக்கு மேல் பெருகியது! காவிரியின் படுகை அரிக்கப்படவே, 1840களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்த நேர்ந்தது. பங்கீட்டின் அளவைப் பட்டறிவால் திருத்திக்கொண்டனர்.

பட்டறிவுக்கு முன்பே கணக்கின் அடிப்படை பிறந்திருந்தது. துளையிலிருந்து பாயும் நீரின் வேகம், அதற்கு மேலுள்ள நீர்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று இத்தாலிய அறிஞர் டோரிசெல்லி 1644இல் வெளியிட்டார். அதாவது உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்குதான் ஆகும். இதே விதியைக் கொண்டு 1940களில் அமெரிக்கப் பொறியாளர்கள் வால்வின் திறனை ஓர் எண்ணால் குறிக்கலாயினர். மெட்ரிக் முறையில் அது 'கே.வி.' எண்: வால்வில் அழுத்தம் ஒரு பார் குறையும்போது, மணிக்கு எத்தனை கனமீட்டர் நீர் அதன் வழியே செல்லும் என்பதே அது.

ஒரு கணக்குப் பார்ப்போம். குளிர்நாட்டுக் கட்டடமொன்றுக்கு 100 கிலோவாட் வெப்பம் வேண்டும். சுற்றி வரும் நீர் 20 டிகிரி செல்சியஸ் குளிர்ந்து திரும்பினால், மணிக்குச் சுமார் 4.3 கனமீட்டர் நீர் போதும். வால்வில் 0.25 பார் அழுத்தம் குறையலாம் என்று கொண்டால், 0.25இன் வர்க்கமூலம் 0.5. 4.3ஐ அதனால் வகுக்க 8.6 வரும். கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 10. அதுவே பொருத்தமான வால்வு.

குழாயின் விட்டத்தைப் பார்த்து அதே விட்டமுள்ள வால்வை வாங்கினால், அது பெரும்பாலும் தேவைக்கு மிகப் பெரிதாய் அமையும். சற்றே திறந்தவுடன் வேண்டிய நீர் முழுதும் பாய்ந்துவிடும். அறை சூடேறும், வால்வு மூடும், குளிரும், மீண்டும் திறக்கும். இந்த ஊசலாட்டத்தில் எரிபொருளும் வீண், வால்வும் தேயும். எனவே சுற்றின் மொத்த அழுத்த இழப்பில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை, முழுதும் திறந்த வால்விலேயே நிகழுமாறு தேர்ந்தெடுப்பது வழக்கம். அப்போதுதான் கைப்பிடியின் ஒவ்வொரு திருப்புக்கும் பலன் தெரியும்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குக் காவிரி நடுவர் மன்றம் 2007இல் 7 டி.எம்.சி. ஒதுக்கியது, உச்ச நீதிமன்றம் 2018இல் அதை மாற்றவில்லை. அந்த நீர் வந்து சேரும் இடம் காரைக்கால்தான். ஆயினும், தாளில் ஒதுக்கிய நீர் வயலைச் சேர மதகுகள் அளவோடு அமைய வேண்டும். அளவோடு திறக்கவும் வேண்டும். ஆற்றுக்கும் குழாய்க்கும் விதி ஒன்றே: பெரிய வழியன்று, பொருந்திய வழியே நல்ல வழி.