பன்றி மூக்கு அணிந்த ரசிகர்கள்

அமெரிக்கர்கள் கால்பந்து என்று பெயரிட்டுப் பெரும்பாலும் கையினாலேயே ஆடுகின்ற அந்த விளையாட்டில், பந்தை எறிகின்ற குவார்ட்டர்பேக்மீது எதிரிகள் பாய்ந்துவிடாதபடி தம் சரீரத்தையே மதிலாக்கித் தடுக்கின்ற லைன்மேன் ஒருவரை டிராப்ட் என்னும் வருஷாந்தரத் தேர்வில் தங்கள் அணி எடுத்துக்கொண்டது கேட்டு ரசிகர்கள் துள்ளிக் குதிப்பது இந்நாளில் அதிசயமில்லை. ஆனால் அந்த ருசி ஜனங்களுக்கு ஏற்பட வெகுகாலம் பிடித்தது. 1936-ஆம் வருஷம் பிப்ரவரி 8-ஆம் தேதி, பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில், கரும்பலகையில் எழுதிய 90 பெயர்களை வைத்துக்கொண்டு ஆரம்பமான முதல் டிராப்டிலேயே, முதல் ஸ்தானம் பந்தைச் சுமந்து ஓடுகிற ஜே பெர்வாங்கருக்குத்தான் வாய்த்தது. அவர் கடைசிவரை தொழில்முறை ஆட்டத்துக்கு வராமலே இருந்துவிட்டார் என்பது வேறு கதை.

லைன்மேனுக்கு நக்ஷத்திர அந்தஸ்து தேடித் தந்ததில் வாஷிங்டன் நகரத்துக்குப் பெரும் பங்குண்டு என்பது என் அபிப்பிராயம். 1981-ஆம் வருஷத்து டிராப்டில் அந்நகரத்து அணி முதல் சுற்றில் மார்க் மே என்பவரையும், மூன்றாம் சுற்றில் ரஸ் கிரிம் என்பவரையும் எடுத்தது. 12 சுற்றுகள் முடிந்தும் எவரும் சீண்டாத ஜோ ஜேக்கபி என்ற 6 அடி 7 அங்குல ஆஜானுபாகுவும் அவர்களோடு வந்து சேர்ந்தார். மறுவருஷம் பயிற்சி முகாமில் இவர்களைப் பயிற்றுவித்த ஜோ பூகல், "பன்றிகளே!" என்று விளித்தார். நம் ஊராயிருந்தால் கைகலப்பில் முடிந்திருக்கும். அவர்களோ அதையே விருதாக ஏற்றுச் சட்டையில் பொறித்துக்கொண்டார்கள்.

1983 ஜனவரி 30-இல் பாசடினாவில் நடந்த சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியில், மயாமி அணியிடம் 13-க்கு 17 என்று பின்தங்கி, ஒரே ஒரு கஜம் முன்னேறினால் போதும் என்று நின்ற நாலாவது முயற்சியில், கிரிமும் ஜேக்கபியும் காத்த இடப்புறத்தைப் பற்றி ஓடிய ஜான் ரிகின்ஸ், சட்டையைப் பிடித்த எதிரியை உதறிவிட்டு 43 கஜம் சென்று எல்லையைத் தொட்டார். வெற்றியும் கைவந்தது.

அவ்வருஷமே, மீசையும் தொந்தியுமான ஆண்கள் சிலர் பாட்டிமார் உடுத்தும் பூப்போட்ட கவுனும் அகன்ற தொப்பியும் ரப்பர்ப் பன்றி மூக்குமாக மைதானத்துக்கு வரத் தொடங்கினார்கள்; அந்தக் கோலத்திலேயே தர்ம காரியங்களுக்குப் பணமும் திரட்டினார்கள். கிரிம் 2010-இல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். ரசிகர்கள் தங்கள் மூக்கைக் கழற்றி வைத்தது 2012-ஆம் வருஷத்துப் பருவம் முடிந்த பிறகுதான்.