வெள்ள வரைபடத்தின் நீலக் கோடு

வெள்ள வரைபடம் ஒன்றைக் காட்டினால் நாம் எல்லோரும் முதலில் தேடுவது, "நம்ம பில்டிங் நீலக் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?" என்பதைத்தான். அந்தக் கோடு எப்படிப் பிறக்கிறது என்ற வரலாற்றை மும்பைத் தமிழர்களாகிய நாம் தெரிந்துகொள்வது நல்லது.

1889-இல் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங், கால்வாயில் நீர் ஓடும் வேகத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார். இன்று அவர் பெயரில் வழங்கும் சூத்திரத்தில் சொரசொரப்பைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. வழவழப்பான சிமெண்ட் கால்வாய்க்கு அது சுமார் 0.013, புதர் மண்டிய கரைக்கு 0.1 கூட ஆகலாம். எண் கூடினால் வேகம் குறையும், நீர்மட்டம் ஏறும். இதை நேராக அளந்து சொல்லும் கருவி கிடையாது. ஆற்றைப் பார்த்து மதிப்பிடுவதுதான்.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் இந்த எண் நம்மை விடவில்லை. பழைய வெள்ளத்தோடு விடை ஒத்துவரும்வரை அதை மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒத்துவந்தால் அதுவே 'சரியான' எண். இங்கிலாந்தின் கீத் பெவனும் ஆண்ட்ரூ பின்லியும் 1992-இல் இந்த வழக்கத்தையே கேள்வி கேட்டார்கள். வெவ்வேறு எண்கள் பழைய வெள்ளத்தோடு ஏறக்குறைய ஒரே அளவு பொருந்தும்போது, ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வானேன்? எண்களை மாற்றிப் பலமுறை கணக்கிட்டு, பொருந்தாதவற்றைத் தள்ளி, மற்றவற்றிலிருந்து 'இதிலிருந்து இதுவரை' என்று விடை சொல்வது அவர்கள் முறை.

எந்த எண்ணை அசைத்தால் விடை அதிகம் ஆடுகிறது என்று பார்ப்பதும் இதோடு சேர்ந்த வேலை. எதை முதலில் நன்றாக அளக்க வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

2005 ஜூலை 26-ஐ நாம் மறக்க முடியுமா? 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை; அதே நகரின் தென்முனையான கொலாபாவில் சுமார் 73 மி.மீ.தான். கொலாபா மழையை வைத்து மித்தி ஆற்றுக்குக் கணக்குப் போட்டால், சொரசொரப்பு எண்ணை எவ்வளவு திருத்தினாலும் அது நிஜ வெள்ளமாகாது. பிறகு நகரெங்கும் தானியங்கி மழைமானிகள் வைத்தார்கள். 2020-இல் வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பும் வந்தது. இரண்டும் தேவையானவையே.

ஆனாலும் கோடு என்பது மதிப்பீடுதான் என்பது என் கருத்து. இனி யாராவது வரைபடம் காட்டினால், "எந்த மழையை வெச்சுப் போட்டீங்க? எண் கொஞ்சம் மாறினா கோடு எவ்வளவு நகரும்?" என்று கேளுங்கள். அது நகர்ந்தால் தண்ணீர் முதலில் வருவது தரைத்தளத்தில் இருக்கும் நம் பெரியவர்களிடம்தான்.