ஈயம் பூசிய காலம்

பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை இரவெல்லாம் வைத்திருந்தால் பச்சைக் களிம்பேறும் என்பதும், அக்களிம்பு வயிற்றுக்குள் சென்றால் வாந்தியும் பேதியும் காணும் என்பதும், ரசாயன சாஸ்திரத்தின் வாசனையே அறியாத நம் பாட்டிமாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. ஆகையினாலேதான், தெருமுனையில் ஈயம் பூசுகிறவர் ஒருவர் குழி தோண்டித் துருத்தி அமைத்துக் கரிநெருப்பு மூட்டிவிட்டார் என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில், வீட்டிலுள்ள அண்டாவும் தவலையும் அவரிடம் போய்ச் சேர்ந்தன.

அவர் செய்த காரியத்தை நின்று பார்த்தவர்கள் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். துலக்கிய பாத்திரத்தை நெருப்பின்மேல் சுழற்றிக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவியதும் வெண்புகை குப்பென்று எழுந்து மூக்கைத் துளைக்க, அந்த நவச்சாரம் சூட்டில் பிரிந்து உலோகத்தின் கறையைப் போக்கிவிட்ட க்ஷணத்திலே, ஈயத்தை உள்ளே தேய்த்துப் பஞ்சால் ஓர் இழுப்பு இழுப்பார். மஞ்சள் மறைந்து வெள்ளி பளபளக்கும். 232 டிகிரியிலேயே உருகிவிடும் வெள்ளீயத்துக்கு அதிகச் சூடு வேண்டியதில்லை. (ஈயச் சொம்பைத் தண்ணீரில்லாமல் அடுப்பிலேற்றி, ரசத்தோடு சொம்பையும் இழந்த கதை குடும்பத்துக்கு ஒன்றேனும் உண்டு.) இத்தொழிலிலும் அபாயம் இல்லாமலில்லை, வெள்ளீயத்தையும் காரீயத்தையும் ஒரே பெயரால் அழைத்துவந்த நாட்டில், விலை மலிந்ததும் விஷத்தன்மை உடையதுமான காரீயத்தைக் கலந்து பூசுவோரைக் கண்டுபிடிப்பது சுலபமன்று.

1913-இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி உருக்கிய துருப்பிடிக்காத எஃகு, பிற்காலத்தில் எவர்சில்வராக நம் அடுக்களைக்குள் வந்தது. ஈயக்காரரின் வருகை அருகியது. அதன்பின் வந்தது பிளாஸ்டிக். 1933-இல் இங்கிலாந்தின் வின்னிங்டனில், வேறொன்றைத் தேடிய ஆராய்ச்சியின் நடுவே தற்செயலாகக் கிடைத்த பாலிதீனை, ஏர்ல் டப்பர் என்னும் அமெரிக்கர் 1946-இல் இறுக மூடும் கிண்ணங்களாக்கிக் கடைக்கு அனுப்பினார். 1953-இல் தோன்றிய பாலிகார்பனேட் கண்ணாடிபோல் தெளிவாகவும் உடையாமலும் இருந்தபடியால் குழந்தைகளின் பால்புட்டி வரைக்கும் பரவிற்று. அதற்கு மூலப்பொருளான பிஸ்பீனால்-ஏ, பெண்மைச் சுரப்புநீரைப்போல் உடலில் வேலைசெய்யவல்லது என்பதை டாட்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி 1936-லேயே காட்டியிருந்தார் என்பதுதான் விசித்திரம்! ஐரோப்பா அதைப் பால்புட்டிகளிலிருந்து விலக்கியது 2011-இல்.

எல்லாப் பிளாஸ்டிக்கையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று. பாலிதீனிலும் பாலிபுரொப்பிலீனிலும் பிஸ்பீனால் கிடையாது. ஆயினும் பாலிகார்பனேட் டப்பா கொதிக்கும் குழம்பும் நார்த் தேய்ப்பும் பட்டுப் பழசாகப் பழசாக, பிஸ்பீனால் உணவுக்குள் கசிவது மிகும். பித்தளையோ, பூச்சுத் தேய்ந்ததும் மஞ்சளைக் காட்டித் தன் குறையைத் தானே சொல்லிவிடும். பிளாஸ்டிக் அப்படிச் சொல்வதில்லை. டப்பாவின் அடியில் எண்ணோடு காணும், 1988-இல் அமெரிக்காவில் ஏற்பட்ட முக்கோணக் குறியும் குப்பையைத் தரம்பிரிக்க வந்ததேயன்றி, டப்பாவின் வயதைச் சொல்ல வந்ததன்று.

என் வீட்டுப் பரணில், சாம்பார்க் கறை ஏறிய பழைய டப்பா ஒன்று இருக்கிறது. அடியைத் திருப்பினால் முக்கோணமும் இல்லை, எண்ணும் இல்லை. அருகிலேயே பாட்டியின் தவலை, உட்புறம் மஞ்சள் தெரிய, ஈயம் பூசுகிறவருக்காகக் காத்திருக்கிறது.