புள்ளி ராஜாவும் மூடிய பாடப்புத்தகமும்

1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளப் பெண்களின் ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். தொற்று உறுதியான பெண்கள் சிலர் காப்பகத்திலேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். 1990இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகே வெளியே வந்தார்கள். நோயைத் தடுப்பதாகச் சொல்லி நோயாளியைச் சிறைவைத்த தொடக்கம் அது.

1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. பிறகு வந்த 'புள்ளி ராஜா' விளம்பரம் எய்ட்ஸ் பேச்சைத் தேநீர்க் கடைவரை கொண்டுவந்தது. ஆனால் அது வளர்ந்த ஆண்களுக்கான பேச்சு. பிள்ளைகளுக்காக 2005இல் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் வந்தது. 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் பண்பாட்டைக் காரணம் காட்டி அதை நிறுத்தின.

யாருடைய பண்பாடு, தோழர்களே? சாதியைக் காப்பாற்றப் பெண்ணுடலுக்குக் காவல் போடும் பண்பாடுதானே? வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் குடும்ப மருத்துவர் இருக்கிறார். எட்டாம் வகுப்போடு பஞ்சாலைக்குப் போகும் சேரிப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? களப்பணியில் அப்படி ஒரு பதினாறு வயதுப் பெண் என்னிடம் கேட்டாள்: "கொசு கடிச்சா எய்ட்ஸ் வருமாக்கா?"

வராது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைப் பள்ளி அவளுக்குத் தரவில்லை. அதைக் கேட்டுப் பெறுவதும் நம் உரிமைப் போராட்டம்தான்.