வலசை வழியில் இரண்டு குழிவிரியன்கள்

சாவோ பாவ்லோ கரைக்கு அப்பால், மகர ரேகைக்குச் சற்றே தெற்கில் கெய்மாடா கிராண்டி தீவு. சீனத்தின் தாலியன் நகரையொட்டி, போஹாய் கடலில் ஷெடாவ் தீவு. முன்னதில் பொன்மஞ்சள் உடலோடு 'ஜராராக்கா இல்ஹோவா'. பின்னதில் காய்ந்த சுள்ளியின் சாம்பல் பழுப்பில் ஷெடாவ் குழிவிரியன். ஒன்று அமெரிக்கக் கிளை, மற்றது ஆசியக் கிளை. நெருங்கிய உறவு எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டின் வாழ்க்கையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியதோ என்று வியக்க வைக்கும் பொருத்தம் தெரிகிறது.

இரண்டையும் கரையிலிருந்து பிரித்தது கடல்தான். பனியுகம் முடிந்து நீர்மட்டம் ஏறியபோது, பிரேசில் கரையோரக் குன்று ஒன்று சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் தீவானது. வறண்ட சமவெளியாகக் கிடந்த போஹாய்ப் பள்ளமும் அதே உருகுநீர்க் காலத்தில்தான் நிரம்பியது. கரையில் வாழும் விரியன்களுக்கு எலி கிடைக்கும். கெய்மாடா கிராண்டியில் தரைவாழ் பாலூட்டிகளே இல்லை. ஷெடாவ் பாம்பும் வயிற்றை நிரப்ப வானத்தையே நம்ப வேண்டியதாயிற்று. தரையில் எலிக்குக் காத்திருக்கும் குலம், இரண்டு கடல்களிலும் மரமேறி, கிளையில் சிட்டுக்குக் காத்திருக்கத் தொடங்கியது.

அந்தக் காத்திருப்பைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே உள்ள குழி, வெப்பத்தை உணரும் உறுப்பு. குளிர்ந்த வானத்தின் பின்னணியில், கிளையில் வந்தமரும் சூடான சிறு உடல் பாம்புக்குத் துலக்கமாகத் தெரியும். எலியைக் கடிக்கும் விரியன் அதை விட்டுவிடும். நஞ்சேறிய எலி சில அடி ஓடி விழுந்ததும் மோப்பம் பிடித்துப் போய் எடுத்துக்கொள்ளும். பறவையிடம் இது நடக்காது. கடிபட்ட சிட்டு பறந்து கடலில் விழுந்தால் அந்த இரை போனதுதான். ஆகவே பொன்னிறப் பாம்பு கடித்த வாயைத் திறப்பதில்லை. பறவை துவளும்வரை பிடித்தபடியே இருக்கிறது. அதன் நஞ்சு எலியைவிடப் பறவையைக் கடுமையாகத் தாக்குவதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. மனிதரைக் கொல்லும் நஞ்சு என்றே இந்தப் பாம்பைப் பற்றிப் பேசுகிறோம்; அந்த நஞ்சு கூர்மைப்பட்டது ஒரு பிடி எடைகூட இல்லாத சிட்டுகளுக்காக.

பறவை இருந்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. கெய்மாடா கிராண்டியிலேயே குடியிருக்கும் ரென் என்ற சிறு பறவை பாம்பின் வாயில் அகப்படுவது மிக அரிது. சிக்குவது வழிப்போக்கர்கள்தாம்: மார்ச்சையொட்டி வரும் எலேனியா என்ற ஈப்பிடிப்பானும், ஆண்டின் நடுவில் வரும் மஞ்சள்கால் பூங்குருவியும். ஷெடாவிலும் இரண்டு பந்திகளே. வசந்தத்தில் வடக்கே போகும் கூட்டம் ஒன்று, இலையுதிர் காலத்தில் தெற்கே திரும்பும் கூட்டம் மற்றொன்று.

வேறுபாடு பந்திகளுக்கு இடைப்பட்ட நாள்களில் இருக்கிறது. ஷெடாவில் பனிக்காலம் கடுமையானது. பாம்பு பாறையிடுக்கில் உறங்கிவிடும். உறங்கும் உடலுக்குச் செலவு குறைவு. பிரேசில் பாம்புக்கு அந்த வசதி இல்லை. வலசைக் காலத்தில் மரத்தில் கூடுதலாகக் காணப்படும் அது, மற்ற நாள்களில் தரையிலும் பூரான் போன்ற சிற்றிரைகளைத் தேடுகிறது. குட்டிகளுக்கோ பூரானும் தவளையும்தான் வழக்கமான உணவு. குளிரைப் பகையாகவே எண்ணிப் பழகிய நமக்கு இது வியப்பளிக்கிறது: வெப்பக் காட்டைவிட உறைபனித் தீவே இந்த வாழ்க்கைக்கு ஏற்றதோ? எண்ணிக்கையும் அப்படித்தான் சொல்கிறது. ஷெடாவின் 73 ஹெக்டேரில் ஏறத்தாழ 20,000 பாம்புகள். கெய்மாடா கிராண்டியின் 43 ஹெக்டேரில் சில ஆயிரம் மட்டுமே. தட்பவெப்பம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஷெடாவ் ஒரு பெரிய வலசைப் பாதையின் மேலேயே அமர்ந்திருக்கிறது.

காவலிலும் இணை உண்டு. ஷெடாவ் 1980-லும், கெய்மாடா கிராண்டி 1985-லும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாயின. பிரேசில் தீவில் அனுமதியின்றி யாரும் இறங்க முடியாது. ஆனாலும் பாம்பைத் திருடிக் கள்ளச் சந்தையில் விற்பவர்கள் இருக்கிறார்கள். அருகிப்போகும் நிலையின் கடைசிப் படியில் நிற்கும் இந்த இனத்தை, புட்டாந்தான் ஆய்வகம் கூண்டிலும் வளர்த்து வருகிறது.

ஆனால் வேலி போட முடியாத பகுதி ஒன்று இரண்டுக்கும் உண்டு. எலேனியா கூடு கட்டுவது தொலைதூரத் தென் ஆண்டிஸ் காடுகளில்; ஷெடாவைக் கடக்கும் பல சிட்டுகள் முட்டையிடுவது சைபீரியாவில். கிழக்காசிய வழியில் ஒரு காலத்தில் திரள்திரளாகப் பறந்த மஞ்சள்மார்புப் பன்டிங் சிட்டு, உணவுக்காக வலைவீசிப் பிடிக்கப்பட்டே குறைந்து, 2017-ல் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. ஷெடாவில் ரோந்து போகும் காவலர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் அந்த வலைகள் அவர் எல்லைக்கு வெளியே இருக்கின்றன.