பேச்சும் இணையமும் ஒருசேர: மலேசியக் கைப்பேசிகளில் மீண்டும் வந்த ஒரு தடை

கைப்பேசியில் ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போதே அதே சிம் வழியாக இணையமும் அறுபடாமல் கிடைப்பதைப் பேச்சும் தரவும் ஒருசேர இயங்குவது என்கிறோம். 3ஜி வந்தபோது பெரும்பாலானோருக்குக் கைகூடிய இந்த வசதி, மலேசியாவில் 2021-ஆம் ஆண்டின் இறுதியில் 3ஜி நிறுத்தப்பட்டபின் ஒரு பகுதியினரிடமிருந்து பறிபோனது. பல நாட்டுக் கைப்பேசிகள் ஒன்றுகூடும் பினாங்கு ஜார்ஜ்டவுனின் சூலியா தெரு, இந்தத் தடையை ஆராயப் பொருத்தமான இடம். அங்கே 4ஜி சிக்னல் முழுதாக இருக்கும்போதும் அழைப்பு வந்தவுடன் சிலருக்கு இணையம் நின்றுவிடுகிறது. கோபுரத்தின் குறையோ கைப்பேசியின் வயதோ இதற்கு முதன்மைக் காரணம் அல்ல. எந்த மாடலுக்கு 4ஜி வழி அழைப்பைத் திறந்துவிடுவது என்பதை உற்பத்தியாளர்களும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் தமக்குள் முடிவுசெய்துகொள்ளும் முறையே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தெருவும் அதன் பயனர்களும்

சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்களான சூலியாக்களின் பெயரைத் தாங்கிய தெரு இது. மலாயில் லெபோ சூலியா. கிங் தெரு சந்திக்கும் முனையில் நாகூர் தர்கா நிற்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அருகிலேயே இருக்கிறது. 2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நாணய மாற்றுக் கடைகள், நாசி கண்டார் கடைகள், முதுகுப்பைப் பயணிகளின் விடுதிகள் எனத் தெரு நாள் முழுதும் ஆள்நடமாட்டத்தோடு இருக்கும். தமிழகத்திலிருந்து சுற்றுலா வருபவர், உணவகத்தில் வேலை செய்பவர், ஐரோப்பியப் பயணி, உள்ளூர்க் கடைக்காரர் ஆகிய அனைவரின் கைப்பேசிகளும் ஒரே சில கோபுரங்களோடு பேசுகின்றன. ஆனால் அவை வாங்கப்பட்ட நாடுகள் வேறு, அவற்றுக்குள் எழுதப்பட்ட அமைப்புக் கோப்புகள் வேறு.

தடை எப்படி வெளிப்படுகிறது என்பதை வாடகை வண்டிச் செயலியான கிராப்பின் ஓட்டுநர் ஒருவரின் திரையில் பார்க்கலாம். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு அவர் பயணியைத் தேடி வருகிறார். பயணி அழைக்கிறார்: "அண்ணே, எங்க இருக்கீங்க? நான் தர்கா முன்னால நிக்கிறேன்." திரையின் மேல்மூலையில் இருந்த '4ஜி' மறைந்து, 2ஜி இணையத்தைக் குறிக்கும் 'இ' என்ற ஆங்கில எழுத்து வருகிறது, அல்லது எதுவுமே இல்லை. வரைபடத்தில் புதிய பகுதி ஏறவில்லை, செயலியில் வண்டியின் இருப்பிடம் புதுப்பிக்கப்படவில்லை. பேச்சு முடிந்து சில நொடிகள் கழித்தே 4ஜி திரும்புகிறது. கல்லாவில் மலேசியாவின் டூயிட்நவ் கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தும் நேரத்தில் மணியடித்து, எடுத்துப் பேசினாலும் இதே கதிதான். விடுதியின் வைஃபையில் இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனெனில் அவருடைய இணையம் கோபுரத்தை நம்பியில்லை. ஆகவே இதன் சுமை நடந்துகொண்டும் ஓட்டிக்கொண்டும் வேலை பார்ப்பவர்கள் மேல்தான் விழுகிறது.

தலைமுறைகளும் தடையும்

2ஜி எனப்படும் ஜிஎஸ்எம் பேச்சுக்காகவே கட்டப்பட்டது. ஓர் அலைவரிசையை எட்டு நேரக்கூறுகளாகப் பிரித்து, அழைப்புக்கு ஒரு கூறு ஒதுக்குவது அதன் அடிப்படை. ஜிபிஆர்எஸ், எட்ஜ் என்னும் இணைய வசதிகள் அதன்மேல் பின்னர் ஏற்றப்பட்டவை. இவற்றைப் பயன்படுத்திய பெரும்பாலான கைப்பேசிகள் 'பி வகுப்பு' எனப்படும் பிரிவைச் சேர்ந்தவை: பேச்சு, தரவு இரண்டுக்கும் பதிவாகியிருக்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றையே நடத்தும். இரண்டையும் சேர்த்து நடத்தத் தரநிலையில் வழி உண்டு. அதைக் கோபுரமும் கருவியும் ஆதரித்தாக வேண்டும் என்பதால் அது பரவவில்லை. மலேசியாவில் 2005-இல் தொடங்கிய 3ஜி இந்தச் சிக்கலைத் தீர்த்தது. பேச்சுக்கும் தரவுக்கும் தனித்தனி இணைப்புகளை ஒரே நேரத்தில் தரும் வகையில் அது முதலிலேயே வடிவமைக்கப்பட்டிருந்தது. இதற்கு மாறாக, அமெரிக்காவில் சிடிஎம்ஏ முறையில் இயங்கிய வெரைசன் நிறுவனத்தின் ஐபோன் 4, 2011-இல் விற்பனைக்கு வந்தபோது பேச்சின் நடுவே இணையம் தராதது பெரிதாகப் பேசப்பட்டது. போட்டியாளரான ஏடி அண்டு டி, தன் 3ஜியில் இரண்டும் ஒருசேர வரும் என்று விளம்பரம் செய்தது. மாடல் ஒன்றே, வலையமைப்பே வேறுபட்டது.

4ஜி முழுக்கத் தரவுக்கான வலையமைப்பு. பழைய பாணி அழைப்புக்கான தடம் அதில் இல்லை. எனவே அழைப்புக்கு இரண்டு வழிகள் வகுக்கப்பட்டன. ஒன்று, அழைப்பு வந்ததும் கைப்பேசியைக் கீழே உள்ள 3ஜிக்கோ 2ஜிக்கோ இறக்கிவிடுவது. மற்றொன்று வோல்ட்இ: குரலையே தரவுப் பொட்டலங்களாக்கி, 4ஜிக்குள்ளேயே முன்னுரிமை பெற்ற தனிப் பாதையில் அனுப்புவது. பழைய அழைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும் கடத்தியது. வோல்ட்இயில் பயன்படும் அகல்வரிசைக் குரல்முறை 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகிறது. அதற்குக் குரல்தரவு நொடிக்கு 12.65 கிலோபிட் இருந்தாலே போதும். மெகாபிட் கணக்கில் ஓடும் 4ஜிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆக, இரண்டையும் ஒருசேரத் தர இடம் போதாது என்ற வாதத்துக்கு 4ஜியில் இடமில்லை.

3ஜி போனபின்

மலேசிய அரசு 2020-இல் அறிவித்த ஜெண்டேலா திட்டம், மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி பரப்பை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டுக்கும், சராசரி வேகத்தை நொடிக்கு 25 மெகாபிட்டிலிருந்து 35 மெகாபிட்டுக்கும் உயர்த்த இலக்கு வைத்தது. அதன் ஒரு பகுதியாக 3ஜி படிப்படியாக மூடப்பட்டு, அதன் அலைக்கற்றை 4ஜிக்குத் திருப்பப்பட்டது. 2ஜி பேச்சுக்காகத் தொடர்ந்தது. இங்கேதான் முடிச்சு விழுந்தது. வோல்ட்இ இல்லாத கைப்பேசி, முன்பு அழைப்பு வந்தால் 3ஜிக்கு இறங்கியது. வேகம் குறைந்தாலும் இணையம் நிற்கவில்லை. நடுப்படி எடுக்கப்பட்டபின் அது நேராக 2ஜிக்கு விழுகிறது. அங்கே பேச்சு தொடங்கியதும் தரவு நிறுத்திவைக்கப்படுகிறது. வேகத்தை உயர்த்த எடுத்த ஒரு நல்ல முடிவு, 2005-இல் தீர்ந்துபோன தடையைச் சிலருக்கு மீண்டும் கொண்டுவந்துவிட்டது. 5ஜி வாங்கியவரும் இதிலிருந்து தப்பவில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய மலேசிய 5ஜி, 4ஜியைத் துணையாகக் கொண்டு கட்டப்பட்டது; அழைப்பு 4ஜி வழியாகவே நடந்தது. வோல்ட்இ திறக்கப்படாத 5ஜி கைப்பேசியும் மணியடித்தால் 2ஜிக்குத்தான் போகும். தமிழகத்திலும் ஏர்டெல் 3ஜியை மூடியபின், வோல்ட்இ இல்லாத கைப்பேசி வைத்திருந்தோர் இதே அனுபவத்துக்கு ஆளாயினர்.

பட்டியலில் இருப்பவரும் இல்லாதவரும்

வோல்ட்இ கைப்பேசியில் இருந்தால் மட்டும் போதாது. எந்த நிறுவனத்தின் சிம் செருகப்பட்டால் அதைத் திறப்பது, அழைப்பை எந்த அமைப்பின்படி பதிவு செய்வது என்ற விவரங்கள் கைப்பேசியின் மென்பொருளுக்குள் நிறுவனவாரியாக எழுதப்பட வேண்டும். மறுபுறம், தொலைத்தொடர்பு நிறுவனங்களும் தாங்கள் சோதித்த மாடல்களின் பட்டியலை வைத்துக்கொள்கின்றன. மலேசிய உத்தரவாதத்தோடு விற்கப்படும் 'மலேசியா செட்' இந்த இரண்டையும் பெரும்பாலும் கடந்துவிடும். அதே மாடலின் வெளிநாட்டு இறக்குமதியான 'ஏபி செட்' கடக்காமல் போகலாம். சென்னையிலோ ஹாம்பர்க்கிலோ வாங்கியதும் அப்படியே. உள்ளே இருக்கும் சிப் ஒன்றாக இருந்தாலும் ஒன்றுக்குக் கதவு திறக்கிறது, மற்றொன்றுக்குத் திறப்பதில்லை. சோதனைக்கு ஆகும் உழைப்பும் பழுதுக்குப் பொறுப்பேற்கும் கவலையும் இதன் பின்னே உள்ளன. ஆனால் விளைவைச் சுமப்பவருக்கு அந்தப் பட்டியல் இருப்பதே தெரியாது; 'லைன் சரியில்லை' என்று எண்ணி சிம்மை மாற்றிப் பார்ப்பார்.

தேவை வந்தால் இந்தக் கதவு எவ்வளவு விரைவாகத் திறக்கும் என்பதற்கு இந்தியாவே சான்று. 2016 செப்டம்பர் 5-இல் சேவையைத் தொடங்கிய ஜியோவிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. அழைப்பு என்றால் வோல்ட்இதான். வோல்ட்இ இல்லாத 4ஜி கைப்பேசிகளுக்குத் தனிச் செயலி தரப்பட்டது. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கூட்டத்தை இழக்க விரும்பாத உற்பத்தியாளர்கள், இந்தியாவில் விற்ற கைப்பேசிகளில் வோல்ட்இயை வழக்கமாக்கினர். 2017-இல், 1,500 ரூபாய் முன்பணத்துக்குக் கிடைத்த பொத்தான் வைத்த ஜியோபோன்கூட வோல்ட்இயில் பேசியது. ஒரு சாதாரண பொத்தான் கைப்பேசியால் முடிந்தது, அதைவிடப் பலமடங்கு விலையுள்ள திறன்பேசியால் சூலியா தெருவில் முடியவில்லை என்றால், தடை தொழில்நுட்பத்தில் இல்லை என்பது தெளிவு. மலேசியாவிலும் யெஸ் என்னும் தொலைத்தொடர்பு நிறுவனம் 2016-லேயே 2ஜி, 3ஜி இல்லாமல் 4ஜியில் அழைப்புச் சேவையை நடத்தத் தொடங்கியிருந்தது.

இரட்டை சிம், ரோமிங்

பினாங்குக்கு வரும் தமிழகத்தார் பலரிடம் இரண்டு சிம்கள் உண்டு: வங்கியின் ஓடிபிக்காக ஊர் சிம், இணையத்துக்காக மலேசிய சிம். இங்கே வேறொரு தடை குறுக்கிடுகிறது. பெரும்பாலான இரட்டை சிம் கைப்பேசிகளில் ரேடியோ ஒன்றே. சும்மா இருக்கும்போது அது இரண்டு சிம்களையும் மாறிமாறிக் கவனிக்கும். ஒன்றில் பேச்சு தொடங்கினால் முழுதும் அதற்கே போய்விடும், மற்ற சிம்மின் இணையம் நிற்கும். பேசும் சிம்மின் இணையத்துக்குத் தற்காலிகமாக மாறிக்கொள்ளும் அமைப்பு ஐபோனிலும் வேறு பல கைப்பேசிகளிலும் உண்டு. ஆனால் அந்த சிம் ரோமிங்கில் இருந்தால் கட்டணம் கூடும். அதற்கு வோல்ட்இ ரோமிங் ஒப்பந்தம் இல்லையென்றால் மாறியும் பயனில்லை, அழைப்பு 2ஜிக்குத்தான் விழும். இரண்டு சிம்களையும் ஒருசேர இயக்கும் புதிய உயர்விலைக் கைப்பேசிகள் வந்துள்ளன. வன்பொருள் சார்ந்த உண்மையான வரம்பு என்று சொல்லத்தக்கது, ரேடியோ ஒன்றே இருக்கும் இந்த நிலைதான். அதை வோல்ட்இ தடையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

மறுப்புகள்

முதல் மறுப்பு: எல்லோரும் வாட்ஸ்அப்பில் பேசும் காலத்தில் சாதாரண அழைப்புக்கு ஏன் இவ்வளவு கவலை? வாட்ஸ்அப் அழைப்பு இணையத்தில் ஓடுவதால்தான் கவலை கூடுகிறது. அதில் பேசிக்கொண்டிருக்கும்போது சாதாரண அழைப்பு ஒன்றை எடுத்தால், 2ஜிக்கு இறங்கும் கைப்பேசியில் முதல் பேச்சின் அடித்தளமே போய்விடும். வங்கி, மருத்துவமனை, பள்ளி, 999 அவசர எண் எல்லாம் இன்றும் சாதாரண அழைப்பில்தான் உள்ளன. இரண்டாவது: இது பழைய கைப்பேசிகளின் பிரச்சினை, தானே தீரும் என்பது. பழையவை கழிந்துபோகும், சரிதான். ஆனால் நேற்று வாங்கிய இறக்குமதிக் கைப்பேசியும் நாளை விமானமிறங்கும் பயணியின் கைப்பேசியும் பழையவை அல்ல. பயணிகளை நம்பிப் பிழைக்கும் தெருவில் இந்தப் பிரிவினர் குறையப்போவதில்லை.

மூன்றாவது மறுப்பே வலுவானது: சோதிக்காத கைப்பேசிக்கு வோல்ட்இயைத் திறந்துவிட்டால், உயிர்போகும் நேரத்தில் அவசர அழைப்பு தோற்றுவிடலாம். ஆஸ்திரேலியாவில் இது வெறும் அச்சமாக நிற்கவில்லை. வழக்கமான அழைப்புகளை 4ஜியில் நடத்திய சில கைப்பேசிகள், அவசர எண்ணுக்கு மட்டும் 3ஜியை நம்பியிருந்தது தெரியவந்தது. அங்கே எஞ்சியிருந்த 3ஜி வலையமைப்புகளை மூடும் நாள் தள்ளிப்போடப்பட்டு, அவை 2024 அக்டோபர் 28 முதலே மூடப்பட்டன. ஆனால் மூடுவதையொட்டி அங்கே நடந்ததைப் பார்க்க வேண்டும். தன் கைப்பேசி தப்புமா என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பி எவரும் தெரிந்துகொள்ள வழி செய்யப்பட்டது. அவசர அழைப்பு செய்ய இயலாத கருவிகளை வலையமைப்பில் அனுமதிப்பதில்லை என்று விதி வந்தது. அந்த விதியும் பலரின் கைப்பேசியைப் பயனற்றதாக்கியது, அதில் கடுமை உண்டு. என்றாலும் பயனருக்கு உண்மை முன்கூட்டியே தெரிந்தது. பாதுகாப்பு சோதனையைக் கோருகிறது. பட்டியலை மூடிவைக்கக் கோரவில்லை. நான்காவது, 3ஜியை வைத்திருந்திருக்க வேண்டுமா என்பது. வேண்டியதில்லை. அந்த அலைக்கற்றை 4ஜியில் பலமடங்கு பயன்தருகிறது. குறை, மூடியதில் இல்லை. மூடுமுன் அழைப்பின் வழியை எல்லாருக்கும் உறுதிசெய்யாததில் இருக்கிறது.

தீர்வின் திசை

பயனர் இன்று செய்யக்கூடியது கொஞ்சம்தான்: அமைப்புகளில் வோல்ட்இயும் வைஃபை அழைப்பும் திறந்துள்ளனவா என்று பார்ப்பது, மென்பொருளைப் புதுப்பிப்பது, வாங்குமுன் தன் நிறுவனத்தின் ஆதரவைக் கேட்டறிவது. மீதி மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் கையில் இருக்கிறது. மலேசியாவில் விற்கும் கைப்பேசி சிரிம் என்னும் தர அமைப்பின் சான்றைப் பெற்றாக வேண்டும். அந்தச் சான்றின் நிபந்தனைகளிலேயே எல்லா உள்நாட்டு வலையமைப்புகளிலும் வோல்ட்இ, அதில் 999 அழைப்பு ஆகியவற்றைச் சேர்க்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே சோதிப்பதை விட்டு, ஒரு பொதுச் சோதனையில் தேறிய மாடலை அனைவரும் ஏற்கலாம். ரோமிங் ஒப்பந்தங்களில் வோல்ட்இயைக் கட்டாயமாக்கலாம். இதற்குக் காலக்கெடுவும் உண்டு. சிங்கப்பூர் 2017-இல் 2ஜியையும் 2024-இல் 3ஜியையும் மூடிவிட்டதால், வோல்ட்இ இல்லாத கைப்பேசியில் அங்கே சாதாரண அழைப்பே கிடையாது. மலேசியாவிலும் ஒருநாள் 2ஜி மூடப்படும்போது, இன்று பேச்சின் நடுவே இணையத்தை இழப்பவர்கள் பேச்சையே இழப்பார்கள். அதற்குமுன் பட்டியல்களைத் திறந்துவிடுவது, தெருவில் உழைப்பவருக்கும் ஊர் பார்க்க வந்தவருக்கும் ஆணையம் செய்ய வேண்டிய கடமை.